தாங்குநாள்

முறிவு என்பது ஒரு நொடியில் நிகழ்வதன்று. எலும்பு உயிருள்ள திசுவாகும். அதன்மீது சுமை விழும்போதெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத நுண்கீறல்கள் தோன்றுகின்றன. ஓய்வின்போது அவை தாமாகவே ஆறுகின்றன. ஆறும் வேகத்தைவிடக் கீறும் வேகம் மிகுமானால், ஒருநாள் எலும்பு முறிகிறது. அந்த ஒருநாளை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் கருவி எங்கள் பயிற்சி மையத்துக்கு வந்தபோது, பெற்றோர் கூட்டத்தில் முதலில் கைதட்டியவள் நானே.

மையம் திருச்சிக்கு வெளியே, திண்டுக்கல் சாலையில் இருந்தது. பதினான்கு சிறுமியர் அங்கு ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றனர். வளையம், பந்து, கிளப் எனும் சிறு தடி, ரிப்பன் ஆகியவற்றை வீசிப் பிடித்துக்கொண்டே இசைக்கேற்ப ஆடும் விளையாட்டு அது. பார்ப்பவருக்கு அது காற்றில் ஆடும் பட்டுத்துணி போன்று தோன்றும். ஆனால் ஒரு சிறுமி ஒரு நாளில் ஏறத்தாழ முந்நூறு முறை ஒரே பாதத்தின் முன்பகுதியில் எழுந்து சுழல்கிறாள் என்பதையும், தாவி இறங்கும்போது தன் எடையைப் போல் பல மடங்கு சுமையை அதே பாதத்தில் ஏற்கிறாள் என்பதையும் பார்ப்பவர் அறியார். நான் அறிவேன். ஏனெனில் நான் அம்மையத்தின் உபகரண அறைக் காப்பாளர். பதினால்வருள் ஒருத்தி என் மகள் இனிகா. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

என்னைப் பற்றியும் இங்குக் கூறுதல் வேண்டும். என் பெயர் அமலோற்பவம். முப்பத்திரண்டாம் வயது வரை எனக்கு எழுத்துத் தெரியாது. இனிகா முதல் வகுப்பில் ‘அ’ எழுதத் தொடங்கிய அதே ஆண்டில் நானும் தொடங்கினேன். அவள் ஏழாம் வகுப்பை எட்டியபோது நான் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பைத் தேறியிருந்தேன். அறிவியலில் எண்பத்தொரு மதிப்பெண்கள்.

இனி கருவியைப் பற்றி. பயிற்சிக்கூடத்தின் வாயிலுக்கு முன்னே உள்ள தாழ்வாரத்தில் சாம்பல் நிறப் பாய் ஒன்று விரிக்கப்பட்டிருந்தது. சிறுமியர் நாள்தோறும் காலையில் அதன்மேல் பத்து அடி சென்று பத்து அடி திரும்ப வேண்டும். அவ்விருபது அடிகளில் எடை எங்கு, எவ்வளவு, எந்தக் கணத்தில் விழுகிறது என்பதைப் பாய் அளந்தது. அதிலிருந்து, அவளுடைய எலும்புகள் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கணக்கிட்டுச் சுவரில் ஓர் எண்ணாகக் காட்டியது. அவ்வெண்ணுக்குத் தாங்குநாள் என்று பெயர். அது பத்துக்குக் கீழே இறங்கினால் கூடத்தின் கதவு அச்சிறுமிக்குத் திறக்காது; மையம் அவளைப் போட்டிக்கும் தேர்வுக்கும் அனுப்பாது.

“நடையில எப்படிங்க சார் தெரியும்?” என்று கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்.

மையத்தின் பிசியோதெரபிஸ்ட் ஷாநவாஸ் பொறுமையாக விளக்கினார். “வலி மனசுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே உடம்புக்குத் தெரிஞ்சிடும்மா. அடிபடப் போற எலும்ப உடம்பு பொத்திப் பொத்தி வைக்கும். கால் ஒரு நூலிழை தள்ளி விழும். நமக்குத் தெரியாது. பாய்க்குத் தெரியும்.”

தேவைப்பட்டால் அவ்வெண்ணை மாற்றும் உரிமை மருத்துவக் குழுவுக்கு இருத்தல் நலம் என்றும் அவர் கூறினார். தாய்மார்கள் உடன்படவில்லை. உரத்துப் பேசியவள் நான்தான்.

“வேண்டாம் சார். மனுசக் கை பட்டா, யாரு சத்தமாப் பேசுறாங்களோ அவங்க சொல்றதுதான் நம்பர்னு ஆயிடும். கை படவே கூடாது.”

என் கை முதலில் உயர்ந்தது. பிறகு எல்லாருடைய கைகளும் உயர்ந்தன. விதி அவ்வாறே எழுதப்பட்டது.

*

ஆசிய இளையோர் போட்டிக்கான தேர்வுக்கு முப்பத்தெட்டு நாள் இருக்கையில், இனிகா பாயின்மேல் நடந்தாள். சுவரில் 48 என்று ஒளிர்ந்தது.

பயிற்சியாளர் சாருமதி விரல்களை மடக்கிக் கணக்கிட்டார். “நாப்பத்தெட்டு. செலக்‌ஷனுக்கு முப்பத்தெட்டு. மீதி பத்து. கதவு திறக்கும். கரெக்டா வருது.”

“என்ன மேடம், பஸ்ஸுக்கு நேரம் பாக்குற மாதிரி சொல்றீங்க?” என்றார் ஷாநவாஸ். “இது இத்தனை நாள் ஆடலாம்னு சொல்ற நம்பர் இல்ல. இத்தனை நாளைக்குள்ள நிறுத்துங்கன்னு சொல்ற நம்பர்.”

“ரெண்டும் ஒரே நம்பர்தானே சார்?”

சாருமதி கொடியவர் அல்லர். பயிற்சி நேரம் முழுவதும் இடுப்பில் தோல்பட்டை அணிந்திருப்பார். “எனக்குப் பதினாறு வயசுல முதுகு போச்சு. என்னைக்குப் போகும்னு யாரும் சொல்லல. இவளுங்களுக்கு நாள் தெரியுது. தெரிஞ்சும் பயந்துக்கிட்டு உக்காந்திருந்தா, அப்புறம் எதுக்கு அந்தப் பாய்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அன்றே அவர் அட்டவணை ஒன்றை வரைந்து ஒட்டினார். தாவல் மிகுந்த நாளில் எண் இரண்டு குறையும். ஓய்வு நாளில் குறையாது. ஆகவே நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்று குறையுமாறு பயிற்சி பங்கிடப்பட்டது. எரிகிற மெழுகுவர்த்தியைத் திருப்பலி முடியும் வரை அணையாமல் காப்பது போன்ற வேலை அது.

அன்றுமுதல் என் உள்ளம் அமைதியிழந்தது. பேருந்து நிறுத்தம் வரை இனிகா எத்தனை அடி வைக்கிறாள் என்று எண்ணினேன். அவளது பள்ளிப்பையை நானே சுமந்தேன். மாடியில் காயும் துணியை எடுக்க அவளை அனுப்புவதை நிறுத்தினேன்.

“அம்மா, நான் என்ன முட்டையா?” என்றாள் அவள்.

“கால மடக்கிப் போட்டு உக்காராதடி.”

“பாத்ரூமுக்காவது நானே போலாமா, இல்ல தூக்கிட்டுப் போறியா?”

அவளுடைய தோழி நறுமுகை அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நறுமுகையை அனைவரும் முகை என்றே அழைப்பர். பதினால்வருள் அவளுடைய எண் ஒருபோதும் தொண்ணூறுக்குக் கீழ் இறங்கியதில்லை. அவள் எலும்பு அத்தகையது. அவள் நடையும் அத்தகையது. இரு பாதங்களும் தராசின் இரு தட்டுகள் போல விழும்.

எங்கள் கணக்கு நிலைக்கவில்லை. தேர்வுக்கு இருபத்தேழு நாள் இருக்கையில் எண் முப்பத்தேழாக இருந்திருக்க வேண்டும். முப்பத்து மூன்றாக இருந்தது. இருபது நாள் இருக்கையில் இருபத்து நான்கு.

“வளர்ற வயசுக்கா,” என்றார் ஷாநவாஸ். “மூணு மாசத்துல நாலு சென்டிமீட்டர் வளந்திருக்கா. நீளம் முன்னாடி ஓடுது. பலம் பின்னாடி மெதுவா வருது.”

மூன்று நாள் இருபத்திரண்டிலேயே நின்றது. நான் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நான்காம் நாள் எண் இருபத்தைந்து. அதற்கடுத்த நாள் இருபத்தொன்பது. பின்னர் முப்பத்தொன்று. பயிற்சியோ குறையவில்லை, கூடிக்கொண்டிருந்தது.

“பாத்தியா அமலம்! உடம்பு பழகிடுச்சு,” என்று சாருமதி என் தோளைத் தட்டினார்.

நானும் நம்பினேன். நம்புவதற்கு ஒருவாரம் இனிமையாக இருந்தது.

*

சிறுமியர் ஆடும்போது பாதத்தின் முன்பாதியை மட்டும் மூடும் மெல்லிய தோல் காலணியை அணிவர். குதிகால் வெறுமையாக இருக்கும். டோ ஷூ என்பார்கள். நான் அரைக்காலணி என்று எழுதுவேன். அதன் அடித்தோல் விரைவில் தேய்ந்து ஓட்டையாகும். அதைத் தைத்துக் கொடுப்பது என் பணிகளுள் ஒன்று. எப்போது தைக்க வேண்டும் என்பதைக் கண்ணால் மதிப்பிடுவது அறிவியல் முறையன்று. ஆதலால் வளையங்களின் தடிமனைச் சோதிக்க வாங்கிய திருகு அளவியைக் கொண்டு, சனிக்கிழமைதோறும் பதினான்கு இணைக் காலணிகளின் அடித்தோலையும் அளந்து குறிப்பேட்டில் பதிந்து வந்தேன். அக்கருவியின் மீச்சிற்றளவு, அதாவது அது அளக்கவல்ல மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீட்டர். இவ்வேலையை யாரும் எனக்கு இடவில்லை.

இனிகா இடதுகாலில் சுழல்பவள். எனவே அவளது இடது காலணி எப்போதும் மிகுதியாகத் தேயும். அந்தச் சனிக்கிழமை அளந்தபோது வலது காலணி மிகுதியாகத் தேய்ந்திருந்தது.

முந்தைய வாரங்களின் பக்கங்களைத் திருப்பினேன். வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்து இணைத்தேன். ஐந்து வாரங்களுக்கு முன் இடதின் தேய்மானம் 0.03 மி.மீ. குறைந்து, வலதின் தேய்மானம் அதே அளவு கூடியிருந்தது. அன்று அதைக் கருவியின் சுழிப்பிழை என்று எண்ணி ஒதுக்கியிருந்தேன். அளவி, எதையும் அளக்கத் தொடங்குமுன்பே சுழியில் நில்லாமல் தவறி நிற்பது சுழிப்பிழை எனப்படும். ஆனால் அடுத்த வாரம் 0.05. பின்பு 0.08. இரு கோடுகளும் ஒன்றையொன்று நோக்கிச் சரிந்து, இவ்வாரம் வெட்டிக்கொண்டன. பாயின் எண் ஏறிய வாரத்தில்தான் வெட்டிக்கொண்டன.

பாய் சொல்வது மெய்யா, தோல் சொல்வது மெய்யா? இரண்டும் அளவைகளே. இரண்டுள் ஒன்றில் பிழை இருந்தது.

திங்கட்கிழமை காலை, தரை துடைக்கும் பாவனையில் தாழ்வாரத்தின் மூலையில் நின்றேன். இனிகா பாயில் ஏறினாள். அழகாக நடந்தாள். அவள் உதடுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. ‘அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு’ என்று அவள் எண்ணியதை உதட்டசைவில் படித்தேன். ஆட்டத்தின்போது இசைக்கு எண்ணும் அதே எண்ணிக்கை. அடுத்து வந்தவளின் உதடும் அசைந்தது. அதற்கடுத்தவளின் உதடும். முகை ஒருத்தி மட்டும் எதையும் எண்ணாமல், தலைமுடியைக் கட்டிக்கொண்டே நடந்து போனாள்.

மதிய இடைவேளையில் இனிகாவை உபகரண அறைக்கு அழைத்தேன்.

“கால நீட்டு.”

“எதுக்கு?”

“நீட்டுடி.”

இடது பாதத்தின் மேற்பகுதியை, கணுக்காலுக்குச் சற்று முன்னே, கட்டைவிரலால் அழுத்தினேன். அவள் சிரித்தாள். வளையம் கைதவறி உருண்டோடும்போதும் நடுவர்களை நோக்கிச் சிரிக்குமாறு ஆறு வயது முதல் பழக்கப்பட்டிருந்தாளே, அந்தச் சிரிப்பு. என் விரலை எடுத்துக்கொண்டேன்.

“எப்போலேர்ந்து?”

“எல்லாரும்தாம்மா பண்றோம்.” அவள் பாதத்தை இழுத்துக்கொண்டாள். “முகை நடைன்னு பேரு. அவ நடக்குறத போன்ல புடிச்சு, ஸ்லோவா ஓட்டிப் பாத்துக் கத்துக்கிட்டோம். ரிப்பன் ரொட்டீன் ஒன்றரை நிமிஷம். இது வெறும் இருவது ஸ்டெப்பு. இதுல என்ன கஷ்டம்?”

“முகைக்குத் தெரியுமா?”

“அவ நடக்குறத அவளே பாத்தது இல்ல. நாங்கதான் பாத்திருக்கோம்.”

“அவ்வளவு பெரிய மெஷின எப்படிடி ஏமாத்த முடியும்?”

“அது கால மட்டும்தானம்மா பாக்குது. எங்க காலு, எங்க விழச் சொன்னாலும் அங்க விழும்.” பெருமையும் அச்சமும் கலந்த குரல் அது. பிறகு என் முழங்காலைப் பற்றிக்கொண்டாள். “ஒம்போது நாள்தாம்மா. செலக்‌ஷன் முடிஞ்சதும் நானே போய் சார்கிட்ட சொல்லிடுறேன். மாதா மேல சத்தியமா. நீ மட்டும் வாயத் திறக்காத.”

அன்று நான் வாய் திறக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். என் மகள் ஆடி வெல்வதைக் காணும் ஆசை எனக்கும் இருந்தது. மாலை முழுவதும் உபகரண அறையில் அமர்ந்து, சுவருக்கு அப்பால் அவள் தாவி இறங்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் ஓசையையும் எண்ணினேன். நாற்பத்திரண்டு தாவல்கள். நாற்பத்து மூன்றாவதற்கு இசை தொடங்கியபோது எழுந்து கதவருகே சென்றேன். மீண்டும் வந்து அமர்ந்தேன்.

மறுநாள் காலை, அவள் பாயில் ஏறுமுன்பே, வரைபடத்தாளுடன் ஷாநவாஸின் அறைக்குள் நுழைந்தேன்.

*

“அக்கா, இது நீங்க போட்டதா?” அவர் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

“திருகு அளவி சார். மீச்சிற்றளவு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒண்ணு. எக்ஸ் அச்சுல வாரம், ஒய் அச்சுல தேய்மானம்.”

அவர் முதலில் புன்னகைத்தார். நான் முகை நடையைப் பற்றிச் சொல்லி முடித்தபோது அப்புன்னகை இல்லை. பதினால்வரின் முந்தைய நாள் நடைப்பதிவுகளைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பதினான்கு கோடுகள் தெரிந்திருக்க வேண்டும். சற்றுத் தடித்த ஒரே கோடு தெரிந்தது.

“இது பதினாலு பேர் இல்லக்கா,” என்றார் மெல்ல. “ஒரே ஆளு.”

“செய்றப்போ இதையெல்லாம் சோதிச்சுப் பாத்திருக்க மாட்டாங்களா சார்?”

“பாத்தாங்க. பட்டாளத்துக்காரங்கள வச்சு, புட்பால் ஆடுறவங்கள வச்சு. நடிச்சுக் காட்டுங்கன்னு கூடச் சொல்லிப் பாத்தாங்க. யாராலயும் முடியல. மனுசனால இன்னொருத்தன் நடைய மில்லிமீட்டர் சுத்தமா நடக்க முடியாதுன்னு எழுதியே வச்சுட்டாங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆறு வயசுலேர்ந்து இன்னொருத்தர் உடம்பப் பாத்து அதே மாதிரி ஆடுறதே வேலையா இருக்குற புள்ளைங்கள யாரும் கூப்பிடல.”

அன்று மதியமே அனைவருக்கும் ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஐவருக்கு விரிசல் இருந்தது. இனிகாவின் பாதத்தில், சுமையனைத்தையும் தாங்கும் சிறிய எலும்பொன்று மூன்றில் இரண்டு பங்கு பிளந்திருந்தது. அவ்வெலும்புக்குக் குருதி ஓட்டம் குறைவு. இன்னும் சில நாள் ஆடியிருந்தால் அது இரண்டாகியிருக்கும். அதன்பின் ஒட்டுவது அரிது. ஒட்டாத பாதத்தில் ஆட்டம் இல்லை. ஷாநவாஸ் இவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். இப்போது கட்டுப்போட்டு எட்டு வாரம் இருந்தால் அடுத்த ஆண்டு ஆடலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

சாருமதி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அட்டவணையைச் சுவரிலிருந்து கிழிக்காமல், நான்கு மூலைகளிலும் ஒட்டுநாடாவை மெல்ல உரித்து எடுத்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீடு வந்ததும் இனிகா கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் தூக்கி வைத்தபோது கேட்டாள்:

“உன் கிராஃபுக்கு எத்தன மார்க்கும்மா போட்டாங்க?”

*

என் வரைபடத்தையும் நடைப்பதிவுகளையும் ஷாநவாஸ் கருவியின் தலைமையகத்துக்கு அனுப்பினார். முகை நடை எங்கள் மையத்தோடு நில்லவில்லை என்பது அப்போது தெரியவந்தது. போட்டிகளில் சந்தித்த சிறுமியர் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் அது அறுபத்து மூன்று மையங்களுக்குப் பரவியிருந்தது. அங்கெல்லாம் உடனே ஸ்கேன் எடுக்கப்பட்டு, மூன்றாம் நாளே தலைமையகத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. அச்செழுத்தில் என் பெயர் ‘திருமதி அமலோற்பவம், கள ஆய்வாளர்’ என்றிருந்தது. அதை நான் நான்கு முறை படித்தேன். கருவி திருத்தப்பட்டுவிட்டதாகவும், இனி இப்பிழை நேராது என்றும் கடிதம் கூறியது.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கையில், முகை வழக்கம்போல் முடியைக் கட்டிக்கொண்டே பாயில் நடந்தாள். சுவரில் 0 என்று ஒளிர்ந்தது.

அவள் சிரித்துவிட்டு மீண்டும் நடந்தாள். 0. காலணியைக் கழற்றிவிட்டு நடந்தாள். 0. கதவு திறக்கவில்லை.

“அது தானாக் கத்துக்கிச்சுக்கா,” என்றார் ஷாநவாஸ். “அறுபத்து மூணு ஊருல இந்த நடை நடந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல விரிசல். அதனால இந்த நடையத்தான் இப்ப விரிசலோட அடையாளமா வச்சிருக்கு. யாரு முதல்ல நடந்தாங்கன்னு அதுக்குத் தெரியாது.”

“முகைக்கு ஸ்கேன் எடுத்தீங்களே?”

“ஒரு கீறல் கூட இல்ல. பளிங்கு மாதிரி இருக்கு.”

“அப்போ நம்பர மாத்துங்க சார்.”

அவர் என்னைப் பார்த்தார். சினம் அப்பார்வையில் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“கை படக் கூடாதுன்னு எழுதியிருக்குக்கா. எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வர மூணு வாரம் ஆகும்.”

மற்றச் சிறுமியர் தத்தம் நடைக்குத் திரும்பியிருந்தனர். முகைக்குத் திரும்ப வேறு நடை இல்லை.

அவள் தாழ்வாரத்துப் பெஞ்சில் அமர்ந்து அழுதாள். “நான் என்ன அத்தை பண்ணேன்? நான் சும்மா நடந்தேன்,” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அன்று மாலை உபகரண அறைக்குத் திரும்பியபோது உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. மடித்துவைத்த விரிப்புகளின்மேல் இனிகா கட்டுப்போட்ட காலை நீட்டி அமர்ந்திருந்தாள். தரையில் ஒட்டுநாடாவால் பாயின் நீளம் குறிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் முகை நடந்துகொண்டிருந்தாள்.

“அஞ்சு, ஆறு, ஏழு… ஏய், டான்ஸ் ஆடாதடி! எருமை மாதிரி நட.”

“உன்ன மாதிரின்னு சொல்லு.”

“ஆமா, என்ன மாதிரிதான். என் பழைய நடை. நாப்பத்தெட்டு நாள் நடை. அது போதும், கதவு திறக்கும்.” இனிகா கைப்பேசியில் தன் பழைய காட்சியை ஓட்டிக் காட்டினாள். “இங்க பாரு, இடது கால் கொஞ்சம் பயந்து பயந்து விழுது பாரு.”

“எனக்கு வரல இனி. எனக்குக் கால் வலிச்சாதானே?”

“வலிக்குதுன்னு நெனச்சுக்க.”

நான் வாயிலில் நின்றேன். என்னைக் கண்டதும் முகை நடப்பதை நிறுத்தினாள். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த நாற்பத்தெட்டு, நலமான காலின் எண் அன்று. விரிசல் தொடங்கிவிட்ட காலின் எண் என்பதும் தெரியும். ஆனால் கதவைப் பூட்டிய விதிக்கு முதலில் உயர்ந்த கை என்னுடையது. பாய்க்கு அந்த நடையைக் காட்டிக் கொடுத்த தாளும் என்னுடையது. முகையின் கண்கள் வீங்கியிருந்தன.

ஐந்து வாரக் குறிப்பேட்டை வைத்திருந்த எனக்கு, இனிகாவின் பாதம் தரையை எவ்வாறு தொட்டது என்பது இனிகாவைவிட நன்றாகத் தெரியும்.

“இடது கட்டைவிரல் மேல எடையப் போடாத முகை,” என்றேன். “கொஞ்சம் வெளிப்பக்கமா சாச்சு வை. வலது கால சீக்கிரம் எடுத்து வச்சிடு.”

நான்கு நாளுக்குப் பிறகு அன்றுதான் என் மகள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

*

மறுநாள் காலை சுவரில் 46 என்று ஒளிர்ந்தது. கதவு திறந்தது. தேர்வில் முகை முதலிடம் பெற்றாள்.

தலைமையகத்திலிருந்து மூன்று வாரத்தில் வரவேண்டிய பதில் ஒன்பது வாரமாகியும் வரவில்லை. அதுவரை முகை நாள்தோறும் இனிகாவாக நடந்தாள். காலையில் நடந்தால் மட்டும் நடை பிசகும் என்று அஞ்சி, பள்ளியிலும் வீட்டிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவ்வாறே நடந்து பழகினாள். ஒன்றை உடம்பில் ஏற்றுவதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றே. இப்போது அவள் எண்ணுவதில்லை. முடியைக் கட்டிக்கொண்டே நடக்கிறாள்.

இனிகாவின் கட்டைப் பிரித்தாயிற்று. எலும்பு ஒட்டிவிட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள், சொல்லிக்கொடுப்பவள் முகைதான். “நேரா வைடி, என்னப் பாத்து வை,” என்று சொல்வாள். பிறகு தன் பாதத்தைக் குனிந்து பார்த்துச் சிரிப்பாள். “ச்சீ, என்னப் பாக்காத.”

கடந்த சனிக்கிழமை வழக்கம்போல் காலணிகளை அளந்தேன். முகையின் இணையை எடுத்தேன். அவளும் இடதுகாலில் சுழல்பவளே. முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டேன். இடதின் தேய்மானம் 0.03 மி.மீ. குறைந்திருந்தது. வலதின் தேய்மானம் அதே அளவு கூடியிருந்தது.

“ஆச்சா அத்தை? ஷூவக் குடுங்க, வார்ம்-அப் ஆரம்பிச்சுட்டாங்க.” முகை வெறுங்காலோடு வாயிலில் நின்று கையை நீட்டினாள். அவள் வலதுகாலில் எடையைச் சாய்த்து நின்றிருந்தாள்.

“இரு,” என்றேன்.

திருகை முற்றிலும் மூடி, சுழிக்கோடுகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தேன். துணியால் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தேன். வெளிச்சத்துக்கு அருகே கொண்டுசென்று மூன்றாம் முறையும் பார்த்தேன்.

கருவியில் பிழை ஏதும் இல்லை.